நேற்றுவரை என் வீட்டில் இருந்த தபாலாபீஸ்: நம் ஊர் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நம் ஊர் மக்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை நாலரை மணிக்கு நம் ஊர்க் கிளை அஞ்சலகத்தின் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். 65 வயது முடிந்துவிட்டது, அவ்வளவுதான். 1984-ல் சேர்ந்தபோது எனக்கு 24. இன்றைக்கு நான் வேலை இல்லாத ஆள். அந்த முதல் நாளே, மத்தியானம் இரண்டு மணிக்குள், உங்களில் 11 பேர் பாஸ்புக்கும் கையுமாக என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள். ஒருவரைத் தவிர எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அதனால்தான் இந்த மடல்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் சென்னையிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பத்தாவுக்கோ ஆத்தாவுக்கோ போன் போட்டு இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் அப்பன்மார் எழுதிய கடிதங்களை அவர்களுக்கு நான் எத்தனையோ தடவை படித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது நீங்கள் ஒரு தடவை.

காலையில் வழக்கம்போல ஐந்து மணிக்கே விழிப்புத் தட்டிவிட்டது. மாட்டை இடம் மாற்றிக் கட்டினேன், காபி குடித்தேன். எட்டே முக்காலுக்குக் கால் தானாக முன்னறைக்குப் போய்விட்டது. கதவைத் திறந்து, நாற்காலி கிடந்த இடத்தில் நின்றுகொண்டு, மேசை டிராயரை இழுக்கக் கையை நீட்டினேன். மேசையே இல்லை.

தேதி முத்திரையைத் தேடித்தான் அந்தக் கை போயிருக்கிறது. ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை முத்திரையில் தேதி மாற்றுவது. சின்னச் சின்ன எழுத்துக் கட்டைகள். நேற்றையதை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு இன்றையதைச் செருகி, நோட்டில் ஒரு குத்துக் குத்திப் பார்க்க வேண்டும். 8-ஐத் தலைகீழாகச் செருகினால் யாருக்கும் தெரியாது. 6-ஐச் செருகினால் 9 ஆகிவிடும். ஒரு தடவை 16-ம் தேதியன்று 19 என்று குத்தி அனுப்பிவிட்டேன். இன்னும் மூன்று நாள் கழித்துப் போடப்போகும் கடிதம் இன்றைக்கே எப்படி வந்தது என்று மேலிருந்து விளக்கம் கேட்டார்கள். என்ன விளக்கம் சொல்வது? அன்றைக்கு மூக்குக் கண்ணாடி வாங்கினேன். வலது கட்டைவிரல் நகத்து ஓரத்தில் அந்தக் கறுப்பு மை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறாள் வீட்டுக்காரி. இருக்கட்டும், அவசரமில்லை.

அறை வெறிச்சென்று கிடந்தது. சிவப்புப் பலகை தொங்கிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பழைய வெள்ளையில் இருக்கிறது, சுற்றிலும் மஞ்சள் பாரித்துவிட்டது. தரையோடு சேர்த்துப் பதித்திருந்த இரும்புப் பெட்டியை நேற்று இரண்டு பேர் கடப்பாரை போட்டுப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பள்ளத்தில் காலையில் பூனை படுத்திருந்தது. “சிமெண்டு வாங்கி இதை அடைச்சிருங்க, நெல்லு மூட்டை அடுக்கலாம்” என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கு இது 41 வருசத்துக் கணக்கு. கல்யாணமாகி வந்ததிலிருந்து தன் வீட்டின் முன்னறைக்குள் அவள் கூந்தலை அவிழ்த்துப்போட்டபடி நடந்ததில்லை.

இளம்பிள்ளைகளுக்கு இது புரியாமல் இருக்கலாம். கிராமத்துத் தபாலாபீஸுக்கு என்று அரசு கட்டிடம் கட்டித் தருவதில்லை. நாட்டில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். போஸ்ட்மாஸ்டராக வருகிறவர் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், ஆபீஸ் நடத்த இடமும் அவரே காட்ட வேண்டும். நான் சேர்ந்தபோது பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். எனக்கு அப்பா விட்டுப்போன வீடும், ஏழு பலா மரமும், கொஞ்சம் பூந்தோட்டமும் இருந்தன. அதனால் வேலை கிடைத்தது. அதனால்தான் உங்களுக்கும் தபாலாபீஸ் வேறு, என் வீடு வேறு என்று தோன்றாமல் போய்விட்டது. எனக்கே தோன்றவில்லை.

ஆனால் அது வேறுதான். இன்று காலை முதல் ஆளாக வந்தது கீழத்தெரு அப்பத்தா. மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினார், கூடவே மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு. “அப்பத்தா, ஆபீஸ் மாறிப்போச்சு. மாரியம்மன் கோயில் தெருவில பழைய ரைஸ்மில்லுக்குப் பக்கத்து ரூமு. அங்க ஒரு புள்ள இருக்கும்” என்றேன். “அந்தப் புள்ளய எனக்குத் தெரியாது. ஒன்னயத்தான் தெரியும். நீயே வச்சிருந்து கட்டிரு” என்றார்.

நீயே வச்சிருந்து கட்டிரு. இந்த மூன்று வார்த்தையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். என் பீரோவில் உங்கள் பாஸ்புக்குகள் 63 இருந்தன. சேமிப்புக் கணக்கு, தொடர் வைப்பு, செல்வமகள் என்று எல்லா வகையும். வீட்டில் வைத்தால் எலி கடிக்கும், மகன் எடுத்துக்கொண்டு போவான், குடிகாரப் புருசன் கண்ணில் படும் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி என்னிடம் கொடுத்து வைத்தீர்கள். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். விதிப்படி அது கூடாது. வட்டி பதியவோ சரிபார்க்கவோ மேலாபீஸுக்கு அனுப்புவதற்காகப் பாஸ்புக்கை வாங்கினால்கூட எஸ்.பி. 28 என்று ஒரு ரசீது கொடுத்துத்தான் வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது அந்த ரசீதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களில் எத்தனை பேருக்கு அந்த ரசீதை நான் கொடுத்திருக்கிறேன்? முதல் சில வருசம் கொடுத்தேன். அப்புறம் “எதுக்கு சார் இந்தக் காகிதம், உங்க மேல நம்பிக்கை இல்லாமலா?” என்று நீங்களே கேட்க ஆரம்பித்தீர்கள். அது கேட்க நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தது நினைவிருக்கும். முன்னறை ஓடு பாதி பறந்துவிட்டது. பேட்டரி லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, உங்கள் பாஸ்புக்கையெல்லாம் உரச்சாக்கில் சுற்றி, நெல் குதிருக்குள் இறக்கினேன். வீட்டுக்காரியின் கல்யாணப் பட்டு அதே பீரோவில்தான் இருந்தது, அது ஊறிப்போய்ச் சாயம் இறங்கிவிட்டது. இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். விடிந்து பார்த்தால் ஏழு பலாவில் ஐந்து வேரோடு சாய்ந்து கிடந்தன. உங்கள் பாஸ்புக் ஒன்றுகூட நனையவில்லை என்று ஊரெல்லாம் பெருமையாகப் பேசினீர்கள், நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் காற்று பீரோவையே உருட்டிக்கொண்டு போயிருந்தால் 63 குடும்பத்துக்கும் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? என் பொறுப்பில் இருந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட உங்கள் கையில் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. 1997-ல் என் மகளுக்குக் காதுகுத்து. பந்தலில் நின்றுகொண்டிருந்தபோது மேலத்தெரு அத்தை ஒருவர், தொடர் வைப்புக்கு இரண்டு மாதத் தவணை என்று இரண்டு ஐம்பது ரூபாய் நோட்டைக் கையில் திணித்தார். சட்டைப் பையில் போட்டேன். மொய் எழுதுகிற இரைச்சல், பந்தி, வந்தவர்களை வழியனுப்புவது என்று அது மறந்தே போய்விட்டது. அவருடைய பாஸ்புக் என் பீரோவில். அவர் கையில் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு விசேசத்துக்கு அதே சட்டையை எடுத்துப் போட்டேன். பையில் வெற்றிலைக் காம்போடு சேர்ந்து இரண்டு நோட்டும் சுருண்டிருந்தன.

மறுநாளே கட்டிவிட்டேன், தாமதக் கட்டணத்தையும் நானே போட்டேன். பணம் எங்கும் போகவில்லை. ஆனால் அந்தச் சட்டை வண்ணானிடம் போயிருந்தால்? அத்தை கேட்டிருக்கவே மாட்டார். நானும் எடுத்தேன் என்று ஆகியிருக்காது, அவரும் இழந்தேன் என்று அறிந்திருக்க மாட்டார். அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. நல்லவன் கையிலேயே இப்படி நடக்கிறதென்றால், கெட்டவன் ஒருவன் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்படி நடந்த ஊர்களைப் பற்றி நீங்களும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அங்கெல்லாமும் ஜனங்கள் முதலில் சொன்னது, “அவரை எங்களுக்கு நல்லாத் தெரியுமே” என்பதுதான். அத்தை காலமாகிவிட்டார். அவருடைய மக்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இவ்வளவு பயந்தவன் மறுநாளே எல்லாப் பாஸ்புக்கையும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா இல்லையா? கொடுக்கவில்லை. நீங்கள் வைத்த நம்பிக்கை எனக்கு ஒரு சம்பளம் மாதிரி இருந்தது. அதை விட மனசு வரவில்லை.

சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது. காலையிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள், பென்ஷன் எவ்வளவு சார் வரும் என்று. வராது. எங்கள் வகை ஊழியர்களுக்கு மாதப் பென்ஷன் இல்லை. முன்பு எங்களை இ.டி. என்பார்கள், அதாவது இலாகாவுக்கு வெளியே உள்ளவர்கள். 2001-ல் கிராமின் டாக் சேவக், அதாவது கிராமத்து அஞ்சல் ஊழியர், என்று பெயரை மாற்றினார்கள். நாங்கள் வகிப்பது சிவில் பதவிதான் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணிக்கொடை என்று ஒரு தொகை வரும், 2011-ல் வந்த ஒரு திட்டத்தில் சேர்ந்த பணமும் கொஞ்சம் இருக்கிறது. அப்புறம் மிஞ்சியிருக்கும் இரண்டு பலா. பழம் நன்றாகத்தான் காய்க்கிறது. இதைப் பற்றிச் சங்கத்துக்காரர்கள் வருசக்கணக்காகப் பேசுகிறார்கள், நானும் டெல்லிவரை போய்க் கொடி பிடித்திருக்கிறேன். இந்த மடலில் அது வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அந்தப் புதுப் பிள்ளையைப் பற்றி. 22 வயது. வேறு மாவட்டம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சிபாரிசு இல்லை, நேர்முகத் தேர்வு இல்லை. பெற்றவர்களை விட்டுவிட்டுத் தெரியாத ஊருக்கு வந்து, வாடகைக்கு அறை பிடித்து, அதில் பாதியை ஆபீஸுக்குக் கொடுத்துவிட்டு மீதியில் குடியிருக்கிறாள். நேற்றுப் பொறுப்பு மாற்றும்போது, கிளை ஆபீஸ்களை மேற்பார்வை பார்க்கும் மெயில் ஓவர்சீயர் முன்னால் பணத்தை இரண்டு தடவை எண்ணினாள். தபால்தலைகளை ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாள். தராசுப் படிக்கல்லில் ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்தாள். அது குறைந்து எத்தனை வருசம் ஆகிறதோ, எனக்கே தெரியாது. முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது, என்னையே சந்தேகப்படுகிறாளே என்று. அப்புறம் நினைத்தேன், சரி, இப்படித்தான் இருக்க வேண்டும். என்னிடம் நீங்களும் இப்படி இருந்திருக்க வேண்டும்.

அதனால் பணம் கட்டப் போனால் பாஸ்புக்கோடு போங்கள். உங்கள் கண் முன்னால் தேதி, தொகை, மீதி மூன்றையும் எழுதி முத்திரை குத்தி அவள் கையெழுத்துப் போடுகிறாளா என்று பாருங்கள். சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கணக்கில் உங்கள் போன் நம்பர் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், சேர்த்திருந்தால் எஸ்.எம்.எஸ். வரும். படிக்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள், ஆறாவது படிக்கிற பிள்ளைக்குப் போதும். பாஸ்புக்கை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். எலி கடித்தால் புதுப் பாஸ்புக் வாங்கிக்கொள்ளலாம். “நீயே வச்சிரும்மா” என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். அந்தப் பழக்கத்தை அவளுக்கும் தொற்ற வைத்துவிடாதீர்கள், பாவம்.

ஆதார் வைத்துப் பணம் எடுக்கும்போது விரல் ரேகை விழாது. களை பிடுங்கியும் பூப்பறித்தும் தேய்ந்த விரல், மிஷின் என்ன செய்யும்? எனக்கே விழாது. அவளைத் திட்டாதீர்கள். கையை நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலை வையுங்கள். ஆனால் ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் பணம் எடுபட்டதா இல்லையா என்று கேட்டுக்கொண்டு அடுத்த தடவை வையுங்கள்.

இன்னொரு விசயம். போன வாரம் பாஸ்புக்குகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன். பல கணக்குகளில் நாமினியாக இருப்பவர் செத்துப்போய் எத்தனையோ வருசமாகிறது. பெண்டாட்டி பெயரைப் போட்டிருக்கிறீர்கள், அவர் போய்ச் சேர்ந்து பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், பெயர் அப்படியே கிடக்கிறது. உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். மாற்றிக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கில் 500 ரூபாய்க்குக் கீழே விட்டுவைத்திருப்பவர்களும் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள், மார்ச் முடியும்போது 50 ரூபாய் பிடித்துவிடுவார்கள். மூன்று வருசம் போடாமல் எடுக்காமல் கிடந்தால் கணக்கு தூங்கிவிடும், எழுப்புவதற்கு மறுபடி மனு எழுத வேண்டும்.

சரி, பாஸ்புக் போதும். உங்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கலாம், வெளியே சொல்லமாட்டீர்கள். இவனுக்கு நம் வீட்டுக் கதையெல்லாம் தெரியுமே, இனிமேல் வேலை வெட்டி இல்லாமல் டீக்கடையில் உட்காரப் போகிறானே என்று. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கே போயிருந்த நம் ஊர் ஆண்களிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது. “பை வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டு தினமும் எட்டுப் பத்துப் பெண்கள் என் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அரக்கு முத்திரையை உடைத்துப் பையைக் கவிழ்க்கும்போது மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. பிறகு ஒவ்வொருவராக விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் அந்தத் திண்ணையில் பேசியது, அழுதது, யார் யாருக்காகக் காத்திருந்தார் என்பது எல்லாம் எனக்குத் தெரியும். கடிதம் படித்துக் காட்டும்போது நான் தாண்டிவிட்ட வரிகளும் உண்டு. சொல்லக் கூடாதது என்பதால் தாண்டினேன், சொல்லாமலே வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

அப்பத்தாவின் கதையை முடிக்கவில்லையே. எவ்வளவு சொல்லியும் அவர் நகரவில்லை. கடைசியில் நானே சட்டையைப் போட்டுக்கொண்டு அவரைக் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயில் தெருவுக்கு நடந்தேன். வழியில் மூன்று பேர், “என்ன சார், ஆபீஸுக்கா?” என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை அப்பத்தாவை ஸ்டூலில் உட்காரவைத்து, நோட்டை வாங்கி, எழுதி, முத்திரை குத்தி, எவ்வளவு இருக்கிறது என்று சத்தமாகப் படித்தும் காட்டினாள். அப்பத்தா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை.

“உங்களுக்கு என்ன சார் வேணும்?” என்றாள் என்னிடம். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தக் கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை. சும்மா வந்தேன் என்று சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு போஸ்ட் கார்டு கேட்டேன். இன்னமும் ஐம்பது பைசாதான். ஒரு ரூபாய் நாணயம் கொடுத்தேன், சில்லறை இல்லை. இரண்டு கார்டாகக் கொடுத்தாள். இதே வேலையை நானும் எத்தனை பேரிடம் செய்திருப்பேன்! யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை, இரண்டும் மேசையில் கிடக்கின்றன.

63 பாஸ்புக்கில் 54-ஐக் கொடுத்துவிட்டேன். ஒன்பது என்னிடம் இருக்கிறது. அதில் நான்கு பேர் வெளியூரில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், மூன்று பேர் “அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். யார் யார் என்று இங்கே பெயர் போட முடியாது, உங்களுக்கே தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். இறந்தவர்களின் பிள்ளைகள் இறப்புச் சான்றிதழும் ஆதாரும் எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பிள்ளையிடம் போங்கள், பாஸ்புக்கை நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவேன். பகலில் வந்தால் கொல்லையில் இருப்பேன், சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். முன்னறைக் கதவைத் தட்டாதீர்கள். நாளை அதில் சிமெண்டு வேலை நடக்கிறது.

இப்படிக்கு,
நேற்றுவரை உங்கள் போஸ்ட்மாஸ்டர்